துரை சுரண்டி எடுத்த சோறு

மலாயாவுக்குப் போய்வந்தவர்கள் எல்லாரும் கடலைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்குக் கப்பலில் ஏறிய நாள் முதல் தலைசுற்றல். கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான். ஊருக்கு வந்து துணியெல்லாம் துவைத்துக் காயவைத்த பிறகும் அந்தக் கோபம் காயவில்லை.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. மன்னார்குடியில் என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்னறையில் ஆட்களை உட்காரவைத்துப் படம் எடுப்பது அவர். உள்ளே இருட்டறையில் பிலிமைக் கழுவுவதும், நெகட்டிவில் பென்சில் வைத்துத் திருத்துவதும் நான். அம்மைத் தழும்பை மறைப்பேன், கண்ணுக்குக் கீழே கறுப்பை எடுப்பேன். பெண் பார்க்கப் போகும் படமென்றால் இரண்டு மடங்கு வேலை. அவர் போன பிறகு ஸ்டுடியோ கைமாறிவிட்டது. ஒரு மடக்குக் காமிரா மட்டும் என்னிடம் தங்கியது. அதை வைத்துக்கொண்டு கொல்லையில் வரும் பறவைகளை எடுக்க ஆரம்பித்தேன். பறவை வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் காமிராவை வைத்து, விசையில் நூல் கட்டி, தூரத்தில் ஒளிந்துகொண்டு நூலை இழுப்பேன். கூச்சக்காரிக்கு ஏற்ற பொழுதுபோக்கு. எந்தக் குருவியும் வந்து என் மூக்கைக் கொஞ்சம் நேராக்கிக் கொடு என்று கேட்பதில்லை.

என் தங்கை கோமதி நெகிரி செம்பிலானில், பகாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சுந்தரம் அங்கே கிராணி, அதாவது தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். கோமதி குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள் என்று தகவல் வந்தது. கூடப் பிறந்தவள் ஒருத்திதான். புறப்பட்டுவிட்டேன். காமிராவையும் மூட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

சிரம்பானிலிருந்து பகாவுக்குப் பஸ். பாதி வழியில் ஒரு பெரிய ரப்பர் மரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. காற்றில் விழுந்ததா, சர்க்காரை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிறவர்கள் வெட்டிப் போட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டாளத்து லாரி ஒன்று வந்து, எங்கள் எல்லாரையும் இறக்கி வெயிலில் வரிசையாக நிற்கவைத்து, மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தது. மரம் ரோட்டில் கிடக்கிறது, சோதனை என் சேலை மூட்டைக்கு. பக்கத்தில் நின்ற மலாய்க் கிழவர் ஒருவர் தன் கூடையிலிருந்து ரம்புத்தான் பழம் ஒரு கொத்தை என் கையில் வைத்து ஏதோ சொன்னார். ஒரு தமிழ்ப் பையன் எனக்கு அதைச் சொன்னான்: "தின்னுங்க பாட்டி, தோட்டத்து கேட்டுல இதையும் புடுங்கிடுவாங்கன்னு சொல்றாரு." நான் சிரித்தேன். அவர் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்தேன்.

வேடிக்கை இல்லை. தோட்டத்தின் லயங்களைச் சுற்றி, அதாவது தொழிலாளிகளின் வரிசை வீடுகளைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு மேலே முள்கம்பி வேலி. ஒரே ஒரு கேட். இதற்குச் சர்க்கார் வைத்திருக்கிற பெயர் அவசரகாலம். வருஷக்கணக்கில் நடக்கிற அவசரத்தை நான் இங்கேதான் கண்டேன். காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக் கூடாது என்பதற்காக, கேட்டுக்கு வெளியே யாரும் ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது. விடியலில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள் மத்தியானம் வரை வெறும் வயிற்றோடு வேலை செய்ய வேண்டும். கடைக்காரர் பால் டின் விற்கும்போதே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறார், யாரும் சேர்த்துவைத்துக் கடத்தக் கூடாதாம். கோமதியின் அடுப்படியில் ஓட்டை போட்ட டின்னைச் சுற்றி எப்போதும் எறும்பு.

கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு மலாய்க்காரப் பெண் இருந்தாள். என் கொசுவத்தை விரித்து, மடியைத் தடவி, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைக் கூட உருவிப் பார்த்தாள். அறுபது வயசுக்கு மேல் எனக்கு இது தேவையா? அவளைத் திட்டுவதற்கில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் செய்தாள். அவளுக்கும் வெட்கம்தான். அவளை அங்கே நிறுத்தினவர்களுக்குத்தான் இல்லை.

காமிராவைக் கண்டதும் கேட்டில் கூச்சல். சுந்தரம் ஓடி வந்தார். பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவது அந்த ஊர் வழக்கம், அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

"என்னாக்கா இது, காமிரா கொண்டாந்திருக்கீங்க? இங்க எமர்ஜென்சி லா! துரைக்குத் தெரிஞ்சா என் வேலை போய்டும்."

"குருவி படம் எடுக்கிறதுதான் மாப்பிள்ளை."

"குருவிக்குப் பின்னாடி காடு இருக்குல்ல?"

மறுநாள் என்னைத் துரையின் பங்களாவுக்கு அழைத்துப்போனார். குற்றவாளியைக் கூட்டிப்போவது போல முன்னால் நடந்தார். தோட்டத்து மானேஜர் துரை வெள்ளைக்காரர், நடுவயசு. காமிராவைக் கையில் வாங்கித் துருத்தியை விரித்துப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. அவருக்கும் பறவைப் பைத்தியம்! சுவரெல்லாம் பறவைப் படங்கள். இருவாட்சி ஒன்று பழத்தை அலகில் ஏந்திக்கொண்டு பறக்கிற படம் இருந்தது. நான் கூச்சத்தை மறந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

துரைக்குத் தமிழ் தெரியும். தோட்டத்தில் ஆளை ஏவுவதற்குக் கற்ற தமிழ். "கிழவி, நீ நல்ல ஆளு. நீ பென்சில் வேலை பண்ணும், நான் என் இருட்டு ரூம் குடுக்கும்," என்றார். என்னை நீ என்று என் வீட்டுக்காரர்கூட ஆள் முன்னால் சொன்னதில்லை. இருந்தாலும் இந்தச் சூட்டில் லயத்துக் குழாய்த் தண்ணீரில் பிலிம் கழுவினால் அதன் மேல் இருக்கிற மருந்துப் பூச்சு கரைந்து ஓடிவிடும். பங்களாவில் ஐஸ் இருந்தது. நான் தலையாட்டினேன்.

அவருடைய நெகட்டிவ்கள் பலவற்றை அந்த வாரம் திருத்திக் கொடுத்தேன். பிலிமில் விழுந்த தூசி, கீறல், பறவையின் கண்ணில் இருக்க வேண்டிய ஒளிப்புள்ளி, எல்லாம் பென்சில் வேலை. கத்தி வேலை மட்டும் நான் செய்யவில்லை. பென்சில் தீட்டினால் துடைத்துவிடலாம். நெகட்டிவைக் கத்தியால் சுரண்டினால் போனது போனதுதான். படத்துக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் கத்தி எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஸ்டுடியோ வழக்கம். துரை தன் கத்தியைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். அழகான கைப்பிடி. "பறவை படத்தில் மனுஷன் வேலை தெரியக் கூடாது," என்றார். கம்பி, கயிறு, கம்பம், எது பின்னால் தெரிந்தாலும் சுரண்டிவிடுவாராம். துரைமார் கூடும் கிளப்பில் அப்படித்தான் சட்டமாம்.

கோமதியைக் குளிப்பாட்ட எனக்குக் கைகொடுக்க வந்தவள் அஞ்சலை. பின் லயத்தில் இருக்கிறவள், பால்மரம் வெட்டுகிறவள். முப்பது வயசு இருக்கும். அவள் புருஷனைப் போன வருஷம் காட்டுக்காரர்கள் சுட்டுவிட்டார்கள். வெட்டு மரத்தடியில் வந்து அரிசி கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்கே பத்தாது என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான். இதை அவள் அழுகையில்லாமல், கோமதியின் முதுகுக்குச் சோப்புப் போட்டபடியே சொன்னாள்.

"வர்ற அமாவாசைக்கு வருஷம் திரும்புது பெரிம்மா. படையல் போட்டுடலாம். காக்காதான் இல்ல."

உண்மைதான். நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன், லயத்தில் காக்கையே கிடையாது. நம் ஊர்ச் சாம்பல் கழுத்துக் காக்கை கிள்ளான் பக்கம் இருக்கிறதாம், யாரோ கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். இந்தப் பக்கம் முழுக்கறுப்பாக, பெரிய அலகோடு அண்டங்காக்கைதான். அதுவும் காட்டோரத்தில் உட்கார்ந்திருக்கும், லயத்துக்குள் வராது. ரப்பர் மரங்களுக்குள் பொதுவாகவே பறவை குறைவு. வரிசை வரிசையாக மரம், தின்னப் பழமில்லை. எந்தப் பறவைக்குத்தான் அங்கே வேலை?

"காட்டோரம் கொண்டுபோக கேட்டுல கேட்டுப் பாத்தியா?" என்றேன்.

"கேட்டேன். ஒரு கைப்பிடி சோறு, செத்தவருக்குன்னேன். செத்தவன் சாப்பிட மாட்டான், போன்னுட்டானுங்க." கோமதியின் தலையைத் துவட்டினாள். "மாமியாருகிட்ட சொல்லலை பெரிம்மா. அது வாய் சும்மா இருக்காது. நீங்களும் சொல்லாதீங்க."

அமாவாசை அன்று விடியலில் பிரட்டு முடிந்ததும், அதாவது ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்த பிறகு, வெட்டுக்காரர்களோடு நானும் லாரியில் ஏறினேன். துரை அனுமதி கொடுத்திருந்தார். லாரி சேற்றில் இறங்கிக்கொண்டது. ஆண்கள் தள்ள, பெண்கள் கேலி பண்ண, ஒருவழியாகக் காட்டோரத்து வெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒரு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒரு அடிமரக் கட்டைக்குப் பக்கத்தில் மீன்கொத்தி வருமென்று காமிராவை வைத்து, நூலைக் கட்டிக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்தேன்.

மீன்கொத்தி வரவில்லை. வெட்டை முடித்துவிட்டு அஞ்சலை வந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். உள்ளே வாழையிலைப் பொட்டலம்! கேட்டில் மடியைத் தடவினவர்கள் கொண்டையைத் தடவவில்லை. கட்டையின் மேல் இலையை விரித்து, சோற்றைக் குவித்து, எள்ளு தூவி, "கா... கா..." என்று கூப்பிட்டாள். காட்டிலிருந்து ஒரு அண்டங்காக்கை இறங்கியது. சுற்றிப் பார்த்தது. ஒரு வாய் எடுத்தது. அஞ்சலை கும்பிட்டாள். நான் நூலை இழுத்தேன்.

"சாப்பிட்டாரு பெரிம்மா," என்றாள். அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் துரையின் இருட்டறையில் பிலிமைக் கழுவினோம். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா, கறுப்புக் காக்கை வெளிச்சமாக நின்றது. வெள்ளைச் சோறு கறுப்புக் கறுப்பாகப் பருக்கை பருக்கையாகத் தெரிந்தது. ஓரத்தில் அஞ்சலையின் கூப்பிய கை. துரை நாக்கைச் சப்புக்கொட்டினார். அவருடைய பென்சில் வேலைக்கு மறுபடியும் வர வேண்டியிருந்ததால், நெகட்டிவை அங்கேயே காயப்போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு போய்த் திங்கட்கிழமை. சாயங்காலம் ஒரே பரபரப்பு. காட்டோரம் ரோந்து போன போலீஸ்காரர்கள் காய்ந்த வாழையிலையும், அதில் ஒட்டிய பருக்கையும் கொண்டுவந்தார்கள். எல்லாரையும் பிரட்டுக் களத்தில் நிறுத்தி, யார் வைத்தது என்று கேட்டார்கள். அஞ்சலை முன்னால் வந்தாள்.

"நான்தான். என் வீட்டுக்காரருக்கு வச்சது. கொண்டையில எடுத்துட்டுப் போனேன்."

பொய் சொல்லியிருக்கலாம். வேறு எதற்கும் சொல்லியிருப்பாள். அதற்குச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பகாவுக்குப் போய்விட்டார்கள். காட்டுக்காரர்களுக்குச் சோறு கொடுத்த குற்றம். ஜெயில் அல்லது நாடு கடத்தல். அந்தத் தோட்டத்தில் பிறந்தவளை எந்த நாட்டுக்குக் கடத்துவார்கள்? அரிசி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிச் செத்தவனின் பெண்டாட்டி அரிசி கொடுத்ததாகக் குற்றம்!

அஞ்சலையின் மாமியார் லயத்து வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். "என் மவனைக் கொன்னவனுங்களுக்கே ஆக்கிப் போட்டிருக்காடி! கொண்டையில ஒளிச்சு வச்சு!" நான் போய், நான் கண்ணால் பார்த்தேன், காக்கைதான் தின்றது என்றேன். "நீங்க கிராணி வீட்டு ஆளு, போங்கம்மா. எனக்குத் தெரியாம எதுக்கு எடுத்துட்டுப் போனா? அவனை நான் பெத்தவ இல்லையா?" என்றாள்.

என்னிடம் படம் இருந்தது. பங்களாவுக்கு ஓடினேன். துரை இல்லை. சமையல்காரர் என் நெகட்டிவை ஒரு உறையில் போட்டு வைத்திருந்ததைக் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

காக்கை இருந்தது. கை இருந்தது. சோறு இல்லை. இலையும் இல்லை. அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி, மரக்கட்டையோடு மரக்கட்டையாக ஆக்கியிருந்தார். நல்ல வேலைதான், அதிலும் எனக்கு ஆத்திரம். என் படம். என்னைக் கேட்கவில்லை. ஹாலில் பெரிதாகப் போட்ட படம் ஒன்று புதுச் சட்டத்தில் சாய்ந்திருந்தது. அதில் கூப்பிய கையையும் வெட்டிவிட்டார். காட்டில் ஒரு காக்கை, தனியாக. சனிக்கிழமை கிளப்புக்கு எடுத்துப்போனாராம், எல்லாத் துரைமாரும் கைதட்டினார்களாம். சமையல்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்தால் கத்தி பட்ட இடம் மினுங்கியது. இது போதும் என்று நினைத்தேன். மறுநாள் சுந்தரத்தைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு பகாவ் போனேன். பஸ் டயர் வெடித்து, மாற்று டயரும் காற்றில்லாமல், பாதி வழி நடந்தோம். பகாவில் ஒரு சீனர் கடையில் சுந்தரம் கோப்பி வாங்கிக் கொடுத்தார். ரொட்டியில் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டிய இனிப்பைத் தடவித் தந்தார்கள். வேறு நாளென்றால் ருசித்திருப்பேன்.

"அக்கா, நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கிறேன் லா," என்றார்.

போலீஸ் அதிகாரி இளவயசு வெள்ளைக்காரர். மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். நெகட்டிவைப் பார்த்துச் சிரித்தார். சுந்தரம் எனக்குச் சொன்னார்: "இந்தப் படத்தை எனக்குத் தெரியும், கிளப்புல பாத்தேன், அருமையான படங்கிறாரு."

"சோறு இருந்ததுன்னு சொல்லுங்க. துரைதான் சுரண்டினாருன்னு சொல்லுங்க. சாய்ச்சுப் பாக்கச் சொல்லுங்க."

சுந்தரம் இங்கிலீஷில் பேசினார். அதிகாரி சாய்த்துப் பார்த்தார். ஏதோ கேட்டார். சுந்தரம் என்னைக் காட்டிப் பதில் சொன்னார். அதிகாரி நெகட்டிவை மேஜையில் வைத்துவிட்டார்.

"என்ன சொல்றார்?"

"பொம்பளை காக்காயைக் கும்பிடுறா, அது குத்தமில்ல. சோறு எங்கேன்னு கேக்குறாரு. சுரண்டின படம்னா அதுல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், கைப்பிடியா மூட்டையாங்கிறாரு. புருஷனைக் கொன்னவனுக்குப் பயந்துக்கிட்டுச் சோறு வைக்கிறது இங்க நடக்கிறதுதானாம்."

"துரை பேரைச் சொன்னீங்களா?"

"சொன்னேன்க்கா."

"மானேஜர்ங்கிற சத்தமே என் காதுல விழலையே."

வெளியே வந்து மரத்தடியில் நின்றதும்தான் கக்கினார். யார் சுரண்டியது என்று அதிகாரி கேட்டிருக்கிறார். இவர் சொன்ன பதில், இந்தம்மா படம் திருத்துகிறவர், அதுதான் இவர் தொழில் என்பது. நான்தான் சுரண்டினேன் என்று சொல்லவில்லையாம். துரை சுரண்டினார் என்றும் சொல்லவில்லையாம்.

"எனக்குப் புள்ளைங்க இருக்குக்கா. துரை மேல பழி சொல்லிட்டு நான் எங்க போவேன்?"

அவரை அடிக்கலாம் போலிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் பெரியம்மா, அதனால் அடிக்கவும் முடியவில்லை. இங்கிலீஷ் தெரிந்த ஒரே காரணத்துக்காக என் வாயை அவரிடம் ஒப்படைத்தேனே, அந்தக் கோபம் என் மேல்தான் திரும்பியது.

தோட்டத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. தனியாகப் பங்களாவுக்குப் போனேன். துரை வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். படிக்குக் கீழேயே நின்றேன், கூச்சத்தில் கால் ஏறவில்லை. ஆனால் வாய் வந்துவிட்டது.

"அஞ்சலை வச்ச சோத்தை நீங்கதான் சுரண்டினீங்க. போலீஸ்ல போய்ச் சொல்லுங்க."

"கிழவி, அது சோறு நான் அறியும். ஆனா படத்துக்கு நல்லா இல்லை. காட்டுப் பறவை காட்டில் தின்னணும், இலையில் தின்னக் கூடாது."

"படத்துக்கு நல்லா இல்லாததுதான் அவளுக்கு வேணும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "போலீஸ் துரை கிளப்பில் இந்தப் படம் பார்த்தாச்சு. எல்லாரும் பார்த்தாச்சு. இப்போ நான் போய்ச் சோறு இருந்தது சொன்னா, சிரிக்கும். நான் பொய்ப் படம் பண்ணினேன் சொல்லும்."

"பொய்தானே பண்ணினீங்க?"

நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். துரையின் காது சிவந்தது. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். அப்புறம், "சரி. பொம்பளை வந்துடும். நீ போ," என்றார்.

மறுநாள் மத்தியானம் துரையின் தகரக் கவசம் போட்ட வண்டியில் அஞ்சலை வந்து இறங்கினாள். ஜனங்கள் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ செம்பருத்தியைக் கட்டி மாலையாக்கித் துரை கழுத்தில் போட்டார்கள். "தெய்வம்யா துரை!" என்றார் ஒருவர். மாலையோடு துரை என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சுந்தரம் ஆபீசில் கேட்டுவந்து சொன்னார். துரை ஸ்டேஷனில் சோற்றைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். "நல்ல வெட்டுக்காரி, எனக்கு ஆள் பத்தாது, நான் பொறுப்பு," என்றாராம். போலீஸ் அதிகாரி கைகுலுக்கி அனுப்பிவிட்டார். இனி அவளுக்கு வெளி வெட்டு கிடையாது, வேலிக்குள்ளே புல் பிடுங்கும் வேலை. அதாவது, குற்றம் செய்தவள்தான், ஆனால் மன்னிக்கப்பட்டவள். அதற்கு மாலை!

"அக்கா, ஆளு வந்துட்டால்ல. அதோட விடுங்க லா," என்றார் சுந்தரம்.

ஆள் வந்துவிட்டாள், உண்மைதான். ஆனால் மாமியார் அவளை உள்ளே விடவில்லை. "துரை தயவுல வந்தவ துரை வீட்டுக்கே போ. சோறு யாருக்குப் போட்டேன்னு சொல்லிட்டு உள்ள வா." அக்கம்பக்கத்துக்காரர்களும் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசினார்கள். மாலை போட்ட அதே ஜனங்கள்தான். அஞ்சலை கோமதி வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். நான் ஓட்டைப் பால் டின்னைக் கவிழ்த்துக் கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

"ஜெயிலுக்குக்கூடப் போயிருப்பேன் பெரிம்மா. அவனுங்களுக்கு ஆக்கிப் போட்டேன்னு அத்தை நம்புதே, அதத்தான் தாங்க முடியல. அவரு சாப்பிட்டாரு. நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அந்தப் படத்தக் காட்டுங்களேன்."

சோறில்லாத படத்தை எப்படிக் காட்டுவது? நெகட்டிவை எடுத்து வெகுநேரம் பார்த்தேன். எங்கள் தொழிலில் எடுப்பதுண்டு. தழும்பை எடுப்போம், சுருக்கத்தை எடுப்போம். இல்லாததைச் சேர்ப்பதில்லை. ஆனால் இது இல்லாததா? இருந்ததை ஒருவர் எடுத்தார். வேறு யாருக்கும் இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. போலீசுக்குக் காட்டினால் இன்னொரு தடவை சிரிப்பார்கள். அது எனக்குத் தெரியும்.

துரை சுரண்டிய இடத்தில் பென்சில் பிடிக்க மெருகு தடவினேன். பென்சிலை ஊசி போலச் சீவினேன். நெகட்டிவில் கறுப்பாகத் தீட்டினால் படத்தில் வெள்ளையாக விழும். காக்கையின் அலகுக்குக் கீழே ஒவ்வொரு பருக்கையாக வைத்தேன். இலையின் விளிம்பை ஒரு கோடாக இழுத்தேன். அஞ்சலை பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தப் பக்கம் கொஞ்சம் சரிஞ்சிருந்துச்சு," என்றாள். கோமதி கட்டிலிலிருந்து, "எள்ளு போடுக்கா, எள்ளு," என்றாள். பட்டப்பகலில் அடுப்படி ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, கையோடு கொண்டுவந்திருந்த தாளில் படம் போட்டேன். மருந்துத் தண்ணீரில் முதலில் காக்கை வந்தது, அப்புறம் கை, கடைசியாகச் சோறு.

ஈரம் காய்வதற்குள் மாமியாரிடம் போனோம். கிழவி படத்தை வாங்கவில்லை. நான் அவள் மடியில் வைத்தேன். "சோறு நான் பென்சில்ல வரைஞ்சது. அங்க இருந்ததைத்தான் வரைஞ்சேன். என் கண்ணால பாத்தேன்," என்றேன்.

அவள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். தூரமாகப் பிடித்தாள். கூப்பிய கையை விரலால் தொட்டாள். காக்கையைத் தொட்டாள். சோற்றின் மேல் விரல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

பிறகு மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உடைந்து, ஆனால் அதட்டலாகத்தான் வந்தது:

"ஏண்டி, இவ்ளோதான் போட்டியா? எம் மவன் வயிறாரத் திங்கிறவன்டி!"

"நெறைய போட்டேன் அத்தே. பெரிம்மாதான் கொஞ்சமா வரைஞ்சிட்டாங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் நெகட்டிவை எடுத்துக்கொண்டு மறுபடியும் பென்சிலைச் சீவ உட்கார்ந்தேன்.